தறி நிற்கும் நாள்



சில மாதங்களுக்கு முன் நம் சபைக் குடும்பம் ஒன்று, சனிக்கிழமை விடியற்காலையில் காஞ்சிபுரம் புறப்பட்டுப் போய் அன்று இரவே திரும்பியது. மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது, பட்டுச்சேலை எடுக்கவேண்டும். அப்படியே பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டையும் பார்த்துவரலாம் என்பது எண்ணம். உடன்பிறந்த சித்தப்பா அல்ல. தாத்தாவின் தம்பி மகன். தாத்தா காலத்தில் அந்தக் குடும்பம் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை ஞானஸ்நானம் பெற்றுச் சென்னைக்கு வந்தது. மற்றொன்று தறியோடு காஞ்சியிலேயே தங்கிவிட்டது. நடுவில் பல ஆண்டுகள் போக்குவரத்தே இல்லை.

திரும்பி வந்த சகோதரி இரண்டு கேள்விகளோடு என்னிடம் வந்தார். "ஐயா, சித்தப்பா முகமலர்ச்சியோடுதான் வரவேற்றார். ஆனால் பேச்சின் நடுவே அவர் கண் தறியின் பக்கமே போய்ப் போய் வந்தது. நாங்கள் போனது அவருக்குப் பாரமாக இருந்ததோ?" இது முதலாவது. இரண்டாவது, இலையைப் பற்றியது. வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து வாங்கிவந்த இட்லியைச் சித்தி பிரியமாய்த் துண்டு போட்டு வைத்திருக்கிறார். இவர்கள் தொடவில்லை. காரணமும் சொல்லவில்லை. சித்தியின் முகம் வாடிவிட்டது. "நாங்கள் செய்தது சரிதானா?"

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இரண்டு கேள்விகளுக்குள்ளும் நீண்ட வரலாறு ஒன்று மடிந்து கிடக்கிறது. விடுமுறை நாட்களில் உறவினரைக் காணப் புறப்படுகிற நம்மில் பலருக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

காஞ்சி என்றைக்குமே விருந்தாளிகளின் ஊர். ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 640ஆம் ஆண்டளவில், சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அங்கே வந்தபோது அது பல்லவரின் தலைநகர். பௌத்த மடங்களும் நிறைந்திருந்தன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயிலைக் கட்டினான். அதன்பின் ஊர் பெரிய காஞ்சிபுரம், சின்னக் காஞ்சிபுரம் என இரண்டாக விரிந்து, திருவிழாவுக்குத் திருவிழா ஜனங்களை இழுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் அந்நாட்களில் இரண்டு நாள் பயணம் என்பது கிடையாது. மாட்டுவண்டி கட்டி, கட்டுச்சோறு மூட்டையோடு புறப்பட்டால், வழியில் சத்திரத்தில் தங்கி, ஊர் சேர்ந்து, திருவிழா முடியும்வரை உறவினர் வீட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்புவார்கள். வைகாசியில் கருடசேவைக்கு வந்த அத்தை பத்து நாள் தங்கினால் அதை யாரும் நீண்ட வருகை என்று எண்ணியதில்லை. பயணம் கடினமாக இருந்ததால், போனவர் தங்கினார். தங்கியதால் உறவு தழைத்தது.

இந்தக் கணக்கை மாற்றியது இரும்புப் பாதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அரக்கோணம் அந்தப் பாதையில் இருந்தது. 1865இல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற சிறு நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு கிளைப்பாதை போட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றரை அடி அகலமே உள்ள எளிய பாதை. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். பின்னர் அது தென்னிந்திய ரயில்வேயோடு சேர்ந்து, மீட்டர் பாதையாகி, செங்கற்பட்டு வரை நீண்டது. சென்னையிலிருந்து காஞ்சிக்குப் போக ஒரு சில மணி நேரம் போதும் என்ற நிலை நம் பூட்டன்மார் காலத்திலேயே வந்துவிட்டது.

ஜாதி பார்க்கிற இந்தியர் ஒரே பெட்டியில் நெருங்கி உட்காரமாட்டார்கள், ஆகையால் ரயிலுக்குப் பயணிகள் சேரமாட்டார்கள் என்று சில ஆங்கிலேயர் ஐயப்பட்டார்கள். நடந்தது நேர்மாறு. மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் யாத்திரிகரால் பிதுங்கின. தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். ஆனால் சோற்று மூட்டையை அவிழ்க்கும்போது அவரவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பயணத்துக்குக் கட்டுப்பாடு தளர்ந்தது; பந்திக்குத் தளரவில்லை. ரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்ற பிரிவு 1940களின் தொடக்கம்வரை நம் பகுதியில் நீடித்தது. இந்தப் பந்தியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் சித்தப்பாவின் தறி.

நாம் சனியும் ஞாயிறும் புறப்படுகிறோம். ஏன்? அன்று நமக்கு விடுமுறை. ஆதித்திருச்சபை ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளில் கூடியது. அந்த ஞாயிறு ஐரோப்பாவின் ஓய்வுநாளாகி, ஆங்கிலேயரின் அலுவலகங்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஆலைத் தொழிலாளருக்கோ அது இலகுவில் கிடைக்கவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆண்டுக்கணக்கில் போராடி, 1890இல் மில் முதலாளிகளை ஞாயிறு விடுமுறைக்கு இணங்கவைத்தார். அங்கே தொழிலாளருக்கு ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்குரிய நாளும்கூட என்பது அந்தக் கோரிக்கைக்கு வலுச்சேர்த்ததாகச் சொல்வர். அடுத்த ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒருநாள் ஓய்வைக் கட்டாயமாக்கியது. சனிக்கிழமை இன்னும் பிந்தியது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்ற முறையே 1985இல்தான் வந்தது. ஆகவே சனி, ஞாயிறு சேர்ந்த 'வார இறுதி' என்பது நம்மில் பெரும்பாலானோருக்கு ஒரு தலைமுறைப் பழக்கமே.

வீட்டிலேயே தறி போட்டிருக்கும் நெசவாளிக்கு இந்தச் சட்டங்களில் எதுவும் எட்டவில்லை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நெய்து முடித்த சேலைக்குத்தான் கூலி. காஞ்சியின் கோர்வைச் சேலையை நெய்வதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது விளங்கும். உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஊடையை மூன்று நாடாக்களால் ஓட்டி, உடலின் நூலையும் கரையின் நூலையும் வரிசைக்கு வரிசை பிணைக்கவேண்டும். குழித்தறியில் இறங்கி அமர்ந்திருப்பவர் ஒருவர். பக்கத்தில் நாடா கொடுத்து வாங்கத் துணையாள் ஒருவர். பெரும்பாலும் அந்தத் துணை மனைவியோ பிள்ளையோதான். முந்தி வரும்போது பெட்னி போடவேண்டும். அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்தி நிறத்துப் புதுப்பாவின் ஓர் இழையைச் சேர்த்துப் பிணைக்கவேண்டும். இப்படி ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், வேலைப்பாடு மிகுந்தால் மூன்று வாரமும் ஆகும்.

இப்போது சித்தப்பாவின் கண் ஏன் தறிப்பக்கம் போனது என்று எண்ணிப்பாருங்கள். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் அவர் குழியிலிருந்து ஏறிவிட்டார். சித்தி அடுப்படிக்குப் போய்விட்டார். கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேருமே எழுந்துவிட்டார்கள். நமக்கு அது விடுமுறை. அவர்களுக்கு அது ஒருநாள் கூலி. அதைச் சொல்லிக்காட்டாமல் வடையும் பாயசமும் செய்து போட்டார்களே, அதை அந்தச் சகோதரி அறியவில்லை; நானும் அவரிடம் கேட்டறியும்வரை அறியவில்லை.

அப்படியானால் நெசவாளிக்கு ஓய்வே கிடையாதா? உண்டு. அது கிழமையைப் பார்த்து வருவதில்லை, நிலாவைப் பார்த்து வருகிறது. நெசவுத் தெருக்களில் அமாவாசையன்று தறியை நிறுத்துவது பழைய வழக்கம். கொத்தனார், தச்சர் முதலான கைவினைஞர் பலரிடமும் இவ்வழக்கம் இருந்தது. அன்று கூலிக் கணக்குப் பார்ப்பார்கள், தலை முழுகுவார்கள், முன்னோரை நினைத்துப் படைப்பார்கள், அக்கா தங்கை வீட்டுக்குப் போய்வருவார்கள். ஞாயிறு நம் நாட்டுக்கு வருமுன்னே இருந்த ஓய்வுநாள் அது.

இதை வேதாகமம் வாசிக்கிறவர்கள் அந்நியமாக எண்ணவேண்டியதில்லை. 1 சாமுவேல் 20ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சவுலுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் தாவீது, யோனத்தானிடம் ஓர் உதவி கேட்கிறான். மறுநாள் மாதப்பிறப்பு விருந்து; ராஜாவின் பந்தியில் அவன் உட்காரவேண்டிய நாள். அவன் இல்லாததை ராஜா கவனித்தால், பெத்லகேமில் தன் குடும்பத்தார் எல்லோரும் கூடும் வருஷாந்தரப் பலி இருப்பதால், சகோதரரைக் காண விடைபெற்றுப் போயிருக்கிறான் என்று சொல்லும்படி வேண்டுகிறான். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த நாளுக்கு 'அமாவாசி' என்ற சொல்லே இருக்கிறது. (எபிரெயருக்கு மாதப்பிறப்பு என்பது புதுப்பிறை தெரியும் நாள், நம் அமாவாசைக்கு அது ஓரிரு நாள் பிந்தியது. மொழிபெயர்த்தவர்கள் நம் ஜனங்களுக்கு விளங்கும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள்.)

தாவீது சொன்னது சாக்குத்தான். அவன் பெத்லகேமுக்குப் போகவில்லை, வயல்வெளியில் ஒளிந்திருந்தான். அதை மூடிப் பேசவேண்டியதில்லை. ஆனால் வரலாறு படிக்கிறவனுக்கு அந்தச் சாக்கே பெரிய சாட்சி. அரண்மனையில் வேலைசெய்பவன் மாதப்பிறப்பில் சொந்த ஊருக்குப் போய் உடன்பிறந்தாரோடு பந்தியிருந்து திரும்புவது அந்நாளில் யாரும் நம்பக்கூடிய இயல்பான வழக்கமாய் இருந்ததனால்தான் அதைச் சாக்காகச் சொல்ல முடிந்தது. ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தில், மாதப்பிறப்பு எப்போது முடியும், தானியம் விற்கலாம் என்று வியாபாரிகள் பொறுமையிழந்து நிற்கிறார்கள். அதாவது, அன்று கடை அடைத்திருந்தது. பெத்லகேமில் ஈசாயின் வீட்டிலும் பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா வீட்டிலும் தொழில் நின்று உறவு கூடிய நாள் ஏறத்தாழ ஒன்றே.

இனி இலைக்கு வருவோம்.

உறவு என்பது தமிழரிடையே நெடுங்காலம் பந்தியால் அளக்கப்பட்டது. பெண் கொடுத்து எடுப்பதற்கும், கையால் வாங்கிச் சாப்பிடுவதற்கும் ஒரே எல்லைதான். ஆகவே ஒருவர் கிறிஸ்தவரானபோது முதலில் அறுந்தது ஜெபமுறை அல்ல, சாப்பாடு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. சில ஆண்டுகளுக்குள் காஞ்சியிலும் அதன் கிளை தோன்றியது. இன்றும் அவர் பெயரால் காஞ்சியில் ஒரு பள்ளி நடக்கிறது. 1841 ஜூனில் ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாய் அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். வெள்ளைக்காரரோடு உண்டவன் வீட்டுக்குத் திரும்பினாலும் அவனுக்கு இலை எங்கே போடுவது? தாயின் கையால் மறுபடி உண்ணமுடியாது என்று அறிந்தே அந்த இளைஞர்கள் இறங்கினார்கள். நாம் எளிதாகப் பாடும் அர்ப்பணிப்புப் பாடல்களின் விலையை அவர்கள் முன்கூட்டியே செலுத்திவிட்டார்கள்.

ஆனால் இதில் நம்மவர் எல்லாரும் உத்தமராய் இருந்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சபைக்குள்ளேயே ஜாதிப்படி உட்கார்ந்தார்கள். திருவிருந்துப் பாத்திரத்தை யார் முதலில் பருகுவது என்று சண்டையிட்டார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பான கட்டளை அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். 1850இல் சென்னை மிஷனரிகளின் மாநாடு, ஜாதியை விட்டதற்கு அடையாளமாக மற்றவரோடு சேர்ந்து உண்ணவேண்டும் என்று தீர்மானித்தது. லீப்சிக் லுத்தரன் மிஷன் அதற்கு இணங்கவில்லை. சோற்றைச் சோதனையாக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் ஏதோ நியாயம் இருக்கலாம். ஆனாலும், கூட உட்காரமாட்டேன் என்றவர்களுக்கு அது வசதியான மறைவிடமாகவும் ஆயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்தவர் வட்டத்துக்கு வெளியேயும் இதே இலைதான் நாட்டைக் கலக்கியது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே சோறு போடப்பட்டது 1924-25இல் பெரும் வழக்காயிற்று. பொதுப்பணத்தில் நடக்கும் விடுதியில் தனிப்பந்தி எதற்கு என்று கேட்டவர்களின் மனக்கசப்பு ஆறுமுன்னே, 1925 நவம்பரில் காங்கிரஸ் மாகாண மாநாடு கூடியது. கூடிய ஊர் காஞ்சிபுரம். தலைமை வகித்தவர் திரு.வி.க. அங்கே தம் வகுப்புவாரித் தீர்மானம் ஏற்கப்படாததால் ஈ.வெ.ரா. வெளியேறினார். தமிழ்நாட்டின் அரசியல் அந்த நாளோடு திசைமாறியது.

இவ்வளவும் நடந்த ஊரில், கிறிஸ்தவராகிப்போன அண்ணன் பேத்திக்குச் சித்தி தம் வீட்டுக்குள்ளே இலை போட்டு, பக்கத்தில் தாமும் உட்கார்ந்தார். அதை ஒரு சிற்றுண்டியாக மட்டும் கருதவேண்டாம்.

அந்த இலையில் வந்த இட்லியைப் பற்றியும் சொல்லவேண்டும். இட்லி பழைய உணவு; கன்னடத்தில் சுமார் 920இல் எழுதப்பட்ட 'வட்டாராதனே' என்ற நூலிலேயே அதன் பெயர் வருகிறது. காஞ்சியின் கோயில் இட்லி அதன் தனிவகை. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். குடலை இட்லி என்பது அதனால்தான். சுக்கும் மிளகும் இருப்பதால் சீக்கிரம் கெடாது, வழிநடைக்கு ஏற்றது. வரதராஜப் பெருமாளுக்குப் படைத்தபின் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள்.

பவுல் கடிதம் எழுதிய கொரிந்துவும் ஒரு கோயில் நகரம். அங்கே அகழ்ந்தவர்கள் அஸ்கிலேபியன், தெமேத்தர் கோயில் வளாகங்களில் விருந்துண்ணும் அறைகளையே கண்டெடுத்திருக்கிறார்கள். சுவரோரம் சாய்ந்திருந்து உண்ணுவதற்கான திண்டுகளும் இருந்தன. கொரிந்து விசுவாசியின் அத்தையும் மாமனும் அங்கேதான் அவனை விருந்துக்கு அழைத்திருப்பார்கள். 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை இந்தப் பின்னணியில் வாசியுங்கள். விக்கிரகக் கோயிலின் பந்தியில் பங்குகொள்ளாதே என்கிறார். ஆனால் அவிசுவாசி வீட்டுக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போ. வைப்பதை நோண்டிக் கேட்காமல் சாப்பிடு என்றும் சொல்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் வெளிப்படையாய்ச் சொன்னால் மட்டும், அவன் மனச்சாட்சியினிமித்தம் உண்ணாதே என்கிறார். மூன்றும் மூன்று நிலைகள். ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆகவே சகோதரிக்கு நான் சொன்னது இதுதான். உணவுவிடுதியில் காஞ்சிபுரம் இட்லி என்று விற்பதை உண்பதில் கேள்வியே இல்லை. அது மிளகு போட்ட இட்லி, அவ்வளவே. கோயில் பிரசாதம் என்று சொல்லித் தந்ததை உண்ணாமல் விட்டது சரி. ஆனால் ஒன்றும் சொல்லாமல் ஒதுக்கிவைத்தது சரியல்ல. சித்திக்கு அது பெருமாளின் பிரசாதத்தை மறுத்ததாக மட்டும் தோன்றியிராது; தம் கையையே மறுத்ததாகத் தோன்றியிருக்கும். அந்தக் குடும்பத்தில் முன்பொருமுறை நடந்தது அதுதானே. அப்போது மறுத்தவர்கள் எந்தப் பக்கத்தார் என்பது மட்டுமே வேறு.

அன்றைக்கே அவர் காஞ்சிக்குப் பேசினார். சித்தப்பாவிடம் தறியைப் பற்றிக் கேட்டார். அமாவாசைக்கு வருகிறோம் என்றார். சித்தியிடம் பிரசாதத்தை ஏன் உண்ணவில்லை என்பதை உள்ளபடியே சொன்னார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடாதாம்மா? நான் வீட்டிலேயே வேகவைத்திருப்பேனே" என்றாராம்.

அமாவாசை ஒரு வியாழக்கிழமை வந்தது. கணவர் அலுவலகத்தில் விடுப்புக் கேட்டார், மகளும் போனாள். அந்த வீட்டு மகன் நெசவில் இல்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவனுக்கு ஓய்வு அமாவாசையும் அல்ல, ஞாயிறும் அல்ல, சுழற்சி முறையில் வருவது. இரவு வேலை முடித்து வந்தவன் தூங்காமல் இவர்களுக்காகக் காத்திருந்தான்.

சித்தி வீட்டு முறைப்படி டம்ளரில் மாவு ஊற்றி மிளகு இட்லி வேகவைத்திருந்தார். அமாவாசையாதலால் முன்னோருக்குப் படையல் உண்டு. படையலுக்கு எடுக்குமுன்னே, இவர்களுக்கென்று இட்லியையும் குழம்பையும் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடிவைத்திருந்தாராம். சித்தப்பா காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வரும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். பின் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். உண்ணுமுன் சகோதரியின் கணவர் ஜெபித்தபோது சித்தப்பாவும் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாதிருந்தார்.

தறியின்மேல் வெள்ளைத்துணி போர்த்தியிருந்தது. சாப்பிட்டபின் சித்தப்பா அதை விலக்கிக் காட்டினார். அரக்கு நிற உடல், பச்சைக் கரை. முந்திக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. மணப்பெண் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து கரையைத் தொட்டுப்பார்த்தாள். நாடாவை எப்படித் தள்ளுவது என்று கேட்டாள். இன்றைக்குக் கூடாது, அடுத்தமுறை வேலைநாளில் வா, சொல்லித்தருகிறேன் என்றார் அவர்.